நோய் முன்னேறியிருக்கிறது

குடலில் இருந்து வெட்டியெடுத்த சதையின் பரிசோதனை முடிவு வந்த அன்று, மாமனாரும் மருமகளும் ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து சந்தோஷமாக டீ குடித்தார்கள். அவர் பன்னும் ஒன்று வாங்கித் தொட்டுச் சாப்பிட்டார். கவுன்ட்டரில் இருந்தவர் கவரை நீட்டும்போதே, "நோடு பாசிட்டிவ்னு வந்திருக்கு, டாக்டரைப் பாத்துட்டுப் போங்க" என்று சொல்லியிருந்தார். பாசிட்டிவ் என்ற சொல்லை இருவரும் நல்ல விதமாகவே எடுத்துக்கொண்டார்கள். இதுவரை அதை அப்படித்தானே கேட்டுப் பழக்கம்.

"நான் அப்பவே சொன்னேன்ல, இந்த வண்டி இன்னும் ஓடும்னு" என்றார் மாமனார். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். தன் உடம்பை வண்டி என்று சொல்லும் பழக்கம் நோய்க்கு முன்பே அவருக்கு இருந்தது.

டாக்டரம்மா வேகமாகப் பேசுகிறவர். ஆனால் இவர்கள் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்.

"இங்க பாசிட்டிவ்னா, தேடினது கிடைச்சிருச்சுன்னு அர்த்தம். கேன்சர் இருக்கான்னு தேடினோம். குடலை ஒட்டி இருக்கற சின்னச் சின்ன நிணநீர் முடிச்சுகள்ல இருக்கு. அதைத்தான் நோடு பாசிட்டிவ்னு சொல்றோம். ஆனா மார்ஜின் நெகட்டிவ். அதாவது வெட்டின ஓரத்துல எதுவும் மிச்சம் இல்ல. அது நல்ல சேதி."

மாமனார் இரண்டு கைகளையும் முழங்கால் மேல் ஊன்றிக்கொண்டார்.

"அப்ப இங்க நல்லதுன்னா கெட்டது, கெட்டதுன்னா நல்லது. சரிதானுங்களே?"

"கிட்டத்தட்ட" என்றார் டாக்டரம்மா.

"நல்ல எடத்துக்குத்தான் வந்திருக்கோம்" என்று மருமகளைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்தார்.

அந்த வீட்டில் அவர்கள் இருவர்தான். மாமியார் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. கணவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன்; ஒப்பந்தம் முடியும் வரை இறங்க முடியாது. நடுக்கடலில் இருந்து அவன் பேசும்போது பாதி வார்த்தை வரும், பாதி கடலுக்குள் போய்விடும். கணவனின் தங்கை வேறு ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பதை நெருங்கிவிட்டாலும் வீட்டில் அவள் பாப்பாதான். பள்ளியில் மதிய மணி அடித்ததும் ஃபோன் செய்துவிடுவாள்.

ஆக, ஆஸ்பத்திரியில் சொல்வதைக் கேட்டு, புரிந்துகொண்டு, கப்பலுக்கு ஒரு விதமாகவும் பாப்பாவுக்கு ஒரு விதமாகவும் சொந்தக்காரர்களுக்கு இன்னொரு விதமாகவும் எடுத்துச் சொல்கிற வேலை மருமகள் தலையில் விழுந்தது. அவள் ஒரு பார்சல் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். முகவரி சரியில்லாத பொட்டலங்களுக்கு உரியவர்களைத் தேடிப் பிடித்து, வழி கேட்டு, அனுப்பிவைக்க வேண்டும். நாள் முழுக்க அங்கே ஃபோனில் விளக்கம் கேட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஃபோனில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு மாடி ஏறி வந்து கதவைத் திறப்பதற்குள் கைப்பைக்குள் ஃபோன் அடித்துவிடும்.

"அண்ணி, ஸ்டேஜ் மூணுன்னீங்க, கிரேடு ரெண்டுன்னீங்க. இதுல எதை எடுத்துக்கறது? சராசரி போடணுமா?" என்று பாப்பா கேட்பாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்பாள்.

"ரெண்டும் வேற வேற, பாப்பா. ஸ்டேஜ்ங்கறது எவ்வளவு தூரம் போயிருக்குங்கறது. கிரேடுங்கறது அது எவ்வளவு முரட்டுத்தனமா வளரும்ங்கறது."

"இதை முதல்லயே இப்படிச் சொல்லிருக்கலாம்ல?"

முதலிலேயே அவளுக்கும் தெரியாது என்பதை எப்படிச் சொல்வது? அவள் ஒவ்வொரு வார்த்தையையும் யாரிடமாவது பல்லைக் காட்டித்தான் தெரிந்துகொண்டாள். ஊசி போட வருகிறவர், ஸ்கேன் அறை வாசலில் நிற்கிறவர், பக்கத்துக் கட்டிலில் இருந்த நோயாளியின் மனைவி என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. கீமோ ஏற்றும் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தைப் பார்த்தபடி, காதை மட்டும் அங்குமிங்கும் அனுப்பிக்கொண்டிருப்பாள். மாமனார் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே, "என்னம்மா, இன்னிக்கு என்ன புது வார்த்தை?" என்று கேட்பார்.

கீமோ முடிந்து கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தார். சந்து முனை வரை நடந்துபோய்ப் பேப்பர் வாங்கி வந்தார். பிறகு ஒரு ஸ்கேனில் கல்லீரலில் புள்ளிகள் தெரிந்தன.

அந்தச் செய்தியை அவள் பாப்பாவிடம் சொன்ன மறுநாளே, சொந்தத்தில் ஒரு பெரியம்மா ஃபோன் செய்தாள். "ஏம்மா, கல்லீரல்லயும் கேன்சராமே. ரெண்டு கேன்சரா? கல்லீரல்னாலே குடிதானேம்மா. டிரைவர் வேலை பாத்தவரு... நாங்க கேள்விப்பட்டதே இல்லையே."

ஃபோன் சத்தமாக வைக்கப்பட்டிருந்தது. கட்டிலில் இருந்த மாமனார் காதில் முழுசாக விழுந்துவிட்டது. அதுவரை நோய் செய்த எதற்கும் கோபப்படாத மனிதர், தலையணையைத் தூக்கித் தரையில் போட்டார்.

"ஸ்டியரிங்கைத் தவிர வேற எதையும் பிடிக்காத கைம்மா இது! கல்யாண வீட்ல கூடத் தொட்டதில்ல. குடிகாரன்னு பேரெடுத்துட்டுச் சாகணுமா நான்?"

அவள் தலையணையை எடுத்துத் தட்டி அவர் முதுகுக்குப் பின்னால் வைத்தாள். பிறகு பெரியம்மாவைத் திரும்ப அழைத்தாள். "பெரியம்மா, இது கல்லீரல் கேன்சர் இல்ல. குடல்ல இருந்த அதே கேன்சர் ரத்தத்துல கலந்துபோய்க் கல்லீரல்ல குடியேறியிருக்கு. செகண்டரின்னு சொல்லுவாங்க. எங்க போனாலும் அது குடல் கேன்சர்தான், மருந்தும் அதுக்குண்டானதுதான். மாமாவுக்கு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது."

"குடியேறியிருக்கா?" என்றாள் பெரியம்மா, அந்தச் சொல்லின் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு.

மாமனாருக்கு அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "விடும்மா. அவ காதுல குடின்னு விழுந்தா குடிதான்."

மறுபடியும் கீமோ. அடுத்த ஸ்கேனில் "ஸ்டேபிள்" என்றார்கள். குறையவும் இல்லை, கூடவும் இல்லை. கப்பலில் இருந்தவனுக்கு இது புரியவே இல்லை. "இவ்வளவு மருந்து ஏத்தியும் அப்படியேதான் இருக்கா?" என்று அழாத குறையாகக் கேட்டான். "அப்படியே இருக்கறதுதாங்க இப்ப வெற்றி" என்று சொன்னபோது, அவள் குரலில் வெற்றி எதுவும் இல்லை. வேலையில் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார். வீட்டில் துணி மலையாகக் கிடந்தது. குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது நின்றபடியே கண் சொக்கும்.

அந்த நாட்களில்தான் டாக்டரம்மா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். இடுப்பிலும் வயிற்றின் வலப்பக்கத்திலும் மாமனாருக்கு வலி தொடங்கியிருந்தது. "பாலியேட்டிவ் பிரிவுல ஒரு தடவை காட்டிடுங்க. கீமோ பாட்டுக்கு நடக்கும்" என்றார். மருமகள் அன்று மதியம் பாப்பாவிடம் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"அண்ணி, அது சாகப்போறவங்களைப் போடற வார்டு. எங்க ஸ்கூல் வாட்ச்மேனை அங்கதான் போட்டாங்க, போய் ஒரே வாரம். அப்பாவை அங்க கூட்டிட்டுப் போகாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

அவளுக்கும் அந்தச் சொல்லைக் கேட்டதும் பயமாகத்தான் இருந்தது. விசாரிக்கத் தெம்பில்லை. சீட்டை மடித்து மருந்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள். மாமனார் சாதாரண வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்தார். கேட்டால், "பழைய பஸ்ஸுனா சத்தம் போடத்தான்மா செய்யும்" என்பார்.

அடுத்த ஸ்கேன் முடிவை டாக்டரம்மா திரையில் காட்டினார். புள்ளிகள் பெருத்திருந்தன, புதிதாகச் சில இருந்தன. "டிசீஸ் ப்ரோக்ரெஷன்" என்றார்.

அவள் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நின்றபடி கணவனுக்குச் சொன்னாள். "டாக்டரம்மா ப்ரோக்ரெஷன் இருக்குங்கறாங்க..." அதற்குள் லைன் கரகரத்தது. "என்னது? ப்ரோக்ரஸா? சத்தமா சொல்லு! ப்ரோக்ரஸா?" என்று அவன் கத்தினான். அவள் "அது இல்லங்க" என்றாள். அவன் காதில் எது விழுந்ததோ, "அப்பாடா!" என்ற ஒரே சத்தத்தோடு லைன் அறுந்தது.

திரும்ப அழைத்தாள், கிடைக்கவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் செய்தி கப்பலில் இருந்து பாப்பாவுக்கும், பாப்பாவிடம் இருந்து எல்லோருக்கும் போய்விட்டது. "முன்னேற்றம் தெரியுதாமே, கடவுள் கண்ணைத் தொறந்துட்டார்" என்று பெரியம்மா. "உன் கவனிப்புதாம்மா காரணம்" என்று சித்தப்பா. பாப்பாவோ பேசவே முடியாமல் அழுதாள்; சந்தோஷ அழுகை. "இந்த வாரம்தான் அண்ணி நிம்மதியா தூங்கப்போறேன்" என்றாள்.

மருமகள் சுவரில் சாய்ந்து நின்றாள். ஒரே ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். சொன்னால் அழுவாள், அழுதால் தேற்றவேண்டும், தேற்றியதும் கேள்விகள் வரும், ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும். பிறகு பெரியம்மா, சித்தப்பா, கப்பல். வாயைத் திறக்கவே மலைப்பாக இருந்தது.

"தூங்கு பாப்பா" என்று சொல்லி ஃபோனை வைத்தாள்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அதையே நினைத்தாள். மாமனாரிடமும், "டாக்டர் அடுத்த தடவை விவரமா பேசறேன்னாங்க மாமா" என்று ஒப்பேற்றி வைத்தாள். அவரும் துருவிக் கேட்கவில்லை.

வார இறுதியில், மாமனாரோடு ஒரே பேருந்தில் பல காலம் வேலை பார்த்த கண்டக்டர் ஒரு பை நிறையப் பழத்தோடு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "யோவ் டிரைவர்! முன்னேற்றமாமே! ஊரே பேசுது!" என்று சத்தம் போட்டார்.

மாமனார் சட்டென்று அவள் முகத்தைத்தான் பார்த்தார். கண்டக்டர் பழைய கதைகளைப் பேசிச் சிரித்து, மாமனாரையும் சிரிக்க வைத்துவிட்டுப் போகும்வரை ஒன்றும் கேட்கவில்லை. அவர் படி இறங்கும் சத்தம் தேய்ந்ததும் கேட்டார்.

"முன்னேற்றம்னு நீயா சொன்ன?"

"நான் சொல்லல மாமா. அவங்களா எடுத்துக்கிட்டாங்க. நான் திருத்தல."

"அப்ப நெசம் என்ன?"

அவள் தரையில், கட்டில் காலை ஒட்டி உட்கார்ந்தாள். "புள்ளிங்க பெருசாயிருக்கு மாமா. புதுசாவும் வந்திருக்கு. ப்ரோக்ரெஷன்னு சொல்லுவாங்க. முன்னேறியிருக்குன்னுதான் அர்த்தம். ஆனா முன்னேறினது..."

முடிக்கவில்லை. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு மாடியில் யாரோ போர்வையை உதறிக் காயப் போட்டார்கள்.

"ஏன்மா திருத்தல? நீ பொய் சொல்ற ஆள் இல்லையே."

"அலுத்துப்போச்சு மாமா" என்றாள். "பேசிப் பேசி அலுத்துப்போச்சு. எல்லாருக்கும் நான்தான் சொல்லவேண்டியிருக்கு. என்கிட்ட யாரும் சொல்றதில்ல."

இந்த நோய் தொடங்கியதில் இருந்து அவள் அழுதது அன்றுதான். சத்தம் வராமல், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். மாமனார் கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டினார். முன்னால் குனிந்திருந்த அவள் தலை எட்டவில்லை, தோள்தான் எட்டியது. அதில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு, "அந்த ஃபோனை இங்க குடு" என்றார்.

அவரே மகளை அழைத்தார். "பாப்பா, நல்லாக் கேட்டுக்க. முன்னேறினது நான் இல்ல. நோய். உங்க அண்ணன் காதுல தப்பா விழுந்திருக்கு. அண்ணியைத் திட்டாத. லீவு போட்டுட்டு வா."

பாப்பா அன்றைக்கே பேருந்து ஏறினாள். வந்து அப்பாவைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தினமும் ஃபோனில் கேட்டது வார்த்தைகளைத்தான். கன்னம் ஒட்டியதும், முழங்கை எலும்பு துருத்தியதும் ஃபோனில் வரவில்லை. சமையலறைக்குள் வந்து அண்ணியின் மேல் பாய்ந்தாள்.

"நாலு நாள்! என்னை ஏமாத்திட்டீங்க. நான் ஸ்கூல்ல எல்லாருக்கும் சொல்லிச் சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்!"

மருமகள் அடுப்பை அணைத்தாள். "ஆமா பாப்பா. உனக்கு நாலு நாள் தூக்கம் கிடைச்சுது. எனக்கு அதுவும் இல்ல."

இருவரும் அன்று பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் மூவரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தார்கள். இன்னொரு வகைக் கீமோ இருப்பதாகவும், பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருக்கு ரெஸ்பான்ஸ் இருக்கும் என்றும் அவர் சொன்னார். பாப்பாவின் முகம் மலர்ந்தது. "பத்துல மூணா! குடுங்க டாக்டர். எங்கப்பா அந்த மூணுல ஒருத்தரா இருப்பார்."

மருமகள் மெதுவாகக் கேட்டாள். "டாக்டர், ரெஸ்பான்ஸ்னா குணமாகறதா, சுருங்கறதா?"

டாக்டரம்மா பேனாவை மேசையில் வைத்தார். "சுருங்கறது. கொஞ்ச காலத்துக்கு. குணமாகறது இல்ல. அந்தக் கட்டத்தை நாம தாண்டிட்டோம். நானே அதைத் தெளிவா சொல்லிருக்கணும்."

பாப்பா அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மாமனார் கேட்டார்.

"அந்தக் கீமோவுக்கும் போன தடவை மாதிரியே வாந்தியும் நாக்கெல்லாம் புண்ணும் வருமா?"

"வரலாம்."

"போடாட்டி?"

"நோய் அதுபாட்டுக்குப் போகும். மாசக் கணக்குதான், உறுதியா சொல்ல முடியாது. ஆனா வலி இல்லாம வச்சுக்க முடியும். அதுக்குத்தான் அன்னிக்கே பாலியேட்டிவ்ல காட்டச் சொன்னேன்."

"அங்க வேண்டாம்!" என்றாள் பாப்பா. "கைவிட்டுட்டீங்கன்னு நேரா சொல்லிடுங்க."

"பாப்பா" என்றார் மாமனார். அதட்டவில்லை. "எனக்கு ராத்திரி பகல் தெரியல. அவ்வளவு வலிக்குது. நான்தான் சொல்லல. கீமோ போதும். வலிக்குப் பாருங்க டாக்டர்."

பாப்பா எழுந்து வெளியே போய்விட்டாள்.

பாலியேட்டிவ் பிரிவில், ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'வலி நர்ஸ்' என்று கூப்பிடுகிற ஒரு பெண் இருந்தார். தடித்த கண்ணாடி, தொங்கும் பெரிய பை. அடுத்த வாரம் வீட்டுக்கே வந்தார். மாமனாரிடம் எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, குத்துகிறதா, எரிகிறதா, பிசைகிறதா என்று விசாரித்தார். பசியைக் கேட்டார், மலச்சிக்கலைக் கேட்டார், மனசில் என்ன ஓடுகிறது என்றும் கேட்டார். மாத்திரை பழக்கமாகிவிடுமோ என்று பாப்பா பயந்தபோது, "வலிக்குத் தக்கபடி அளந்து குடுக்கறது வேற, போதைக்குச் சாப்பிடறது வேற. நாங்க பாத்துக்கிட்டே இருப்போம்" என்றார்.

கிளம்பும்போது மருமகளிடம், "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமேம்மா. இது கடைசி நாளுக்கு மட்டும்னு இல்ல. கீமோ நடக்கும்போதே வரலாம். இத்தனை நாள் இவ்வளவு வலியைத் தாங்கியிருக்க வேணாம்" என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் மருமகள் மருந்துப் பெட்டிக்கு அடியில் இருந்த சீட்டை நினைத்துக்கொண்டாள். பாப்பா அவளைப் பார்க்காமல், "நான்தான் வேணாம்னு சொன்னேன்" என்றாள்.

"எனக்கும் பயம்தான். நானும் யாரையும் கேக்கல" என்றாள் மருமகள்.

இரண்டு மூன்று நாட்களில் மாமனார் மதியம் தொடர்ந்து தூங்க ஆரம்பித்தார். நெற்றிச் சுருக்கம் விட்டிருந்தது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். உப்பு போதவில்லை என்றார். பாப்பா அடுக்களையில் நின்று அண்ணியிடம், "அப்பா உப்பு கேட்டார்" என்று ரகசியம் போலச் சொன்னாள். அன்றில் இருந்து சொந்தக்காரர்களின் ஃபோனைப் பாப்பா எடுத்தாள். பெரியம்மா, "எத்தனை நாளும்மா தாங்குவாரு?" என்று கேட்டபோது, கணக்கு டீச்சர், "அது கணக்குல வராது பெரியம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள். பள்ளிக்குப் போகவேண்டிய நாட்களில் போனாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையோடு வந்து நின்றாள். அவள் வரும் நாட்களில் மருமகள் விடிந்த பிறகும் தூங்கினாள்.

கப்பலில் இருந்தவன் நிலைமை தெரிந்ததும் ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டு இறங்க எழுதிக் கொடுத்து, அது நடந்து, அவன் ஒரு துறைமுகத்தில் இறங்கி விமானத்துக்குக் காத்திருந்த நாளில் மாமனார் போய்விட்டார். மதியச் சாப்பாட்டு நேரம். பாப்பா ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம். அவர் கடைசியாகச் சொன்னது தத்துவம் ஒன்றும் இல்லை. "ஃபேனைக் கொஞ்சம் குறைங்கம்மா" என்றார். மருமகள் எழுந்து குறைத்துவிட்டுத் திரும்பினாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. வலி நர்ஸ் இது இப்படித்தான் இருக்கும் என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால் இருவரும் பதறவில்லை. ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மகன் வந்து, ஆகவேண்டியதெல்லாம் ஆகி, வந்தவர்கள் கலைந்து, பாப்பாவும் ஊருக்குப் போன பிறகு, ஒரு மத்தியானம் கணவனும் மனைவியும் வீட்டில் தனியாக இருந்தார்கள். அவன் வெகுநேரம் அப்பாவின் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குப் பாதிதான் தெரியும்" என்றான். "முதல்ல இருந்து எல்லாத்தையும் சொல்லு. என்ன சொன்னாங்க, என்ன ஆச்சு, எல்லாம்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கேட்பது நியாயம்தான். சொல்ல வேண்டியவளும் அவள்தான்.

"சொல்றேங்க. ஆனா இன்னிக்கு வேணாம். எனக்குப் பேச வரல."

அவன் தலையாட்டினான். எழுந்து சமையலறைக்குப் போனான். கழுவாமல் கிடந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்து, அலசி, கவிழ்த்து வைக்கும் சத்தம் வந்தது. அவள் தரையில் பாயை உதறிப் போட்டு, கையைத் தலைக்கு வைத்து, அந்தச் சத்தம் முடிவதற்குள் தூங்கிப்போனாள்.